பி.எஸ்.டபிள்யூ. பட்டம் வாங்க என்னென்ன வேண்டும்? சேர்க்கை முதல் களப்பணி ரெக்கார்ட் வரை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு எனக்கு வரும் மெசேஜ்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அக்கா, பி.எஸ்.டபிள்யூ. சேரலாமா? எந்த குரூப் படிச்சிருக்கணும்? பரீட்சை கஷ்டமா இருக்குமா?"

பி.எஸ்.டபிள்யூ. என்பது சமூகப்பணியில் இளநிலைப் பட்டம். பரீட்சையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். ஒழுங்காக வகுப்புக்குப் போனால் எழுதிவிடலாம். இந்தப் பட்டத்தைத் தீர்மானிப்பது களப்பணிதான், அதாவது நிறுவனங்களுக்கும் ஊர்களுக்கும் நேரில் போய்ச் செய்யும் பயிற்சி. எல்லாத் தாளிலும் முதல் வகுப்பு எடுத்துவிட்டு, களப்பணி நாட்கள் குறைந்ததால் ஒரு வருடம் தள்ளிப்போனவர்களை எனக்குத் தெரியும். நான் சென்னையில் பி.எஸ்.டபிள்யூ., அப்புறம் அதன் முதுநிலைப் படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. முடித்தேன். இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில், களப்பணிக்கு வரும் மாணவர்களை மேற்பார்க்கும் வேலையும் எனக்கு உண்டு. அதனால் இந்தப் பதிவில் களப்பணிக்கும், களத்தில் நடந்ததை எழுதி வைக்கும் நோட்டான ரெக்கார்டுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: தகுதி

பிளஸ் டூ தேர்ச்சி போதும். எந்த குரூப்பாக இருந்தாலும் சரி, தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களும் சேரலாம். நுழைவுத் தேர்வு பெரும்பாலும் கிடையாது. சில கல்லூரிகளில் சின்னதாக ஒரு நேர்காணல் உண்டு. அங்கே "ஏன் சமூகப்பணி?" என்று கேட்டால் "சேவை செய்யணும்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். உங்கள் தெருவில் குப்பை ஏன் அள்ளப்படுவதில்லை, பக்கத்து வீட்டுப் பையன் ஏன் எட்டாவதோடு நின்றான் என்று நீங்கள் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாம் வழக்கம்போல. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்கள் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்குக் கல்லூரி வழியாகப் பதிந்துவிடுங்கள். மாதம் 1,000 ரூபாய் வரும். களப்பணிக்கு அலைகிறவர்களுக்கு அந்தப் பணத்தின் அருமை தெரியும்.

படி 2: கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

தமிழ்நாட்டில் பி.எஸ்.டபிள்யூ. பெரும்பாலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் சுயநிதிக் கல்லூரிகளிலும்தான் இருக்கிறது. அதனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். சென்னை எழும்பூரில் உள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கியது. தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு அதுதான் பழைய வீடு. அங்கேதான் சேர வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நல்ல துறை இருக்கலாம்.

நல்ல துறையா என்று கண்டுபிடிக்க, கட்டடத்தையும் பிளேஸ்மெண்ட் போஸ்டரையும் விட்டுவிட்டு நேராகத் துறைக்குப் போய் மூன்று விஷயம் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை நாள் களப்பணி? ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? வாராவாரம் ஐ.சி. நடக்கிறதா? ஐ.சி. என்றால் ஆசிரியர் உங்கள் ரெக்கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உங்களோடு தனியாக உட்கார்ந்து பேசும் நேரம். சமூகப்பணிக் கல்விக்கான உலகத் தரநிலை, 2020-இல் புதுப்பிக்கப்பட்டபோது, படிப்பில் குறைந்தது கால் பங்காவது களப்பயிற்சியாக இருக்க வேண்டும் என்று சொன்னது. பாடத்திட்டத்தை வாங்கி, களப்பணிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படி 3: தாள்களும் கிரெடிட்டும்

மூன்று வருடம், ஆறு செமஸ்டர். இங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட் (ஒவ்வொரு தாளுக்கும் தரும் பாட அளவுப் புள்ளி) கணக்கு. தமிழ் அல்லது வேறு மொழி, ஆங்கிலம், முதன்மைத் தாள்கள், விருப்பத் தாள்கள், சுற்றுச்சூழல் கல்வி, என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணி எல்லாம் சேர்ந்துதான் அந்த 140. கடைசி செமஸ்டரில் என்.எஸ்.எஸ். சான்றிதழ் விட்டுப்போய் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் அந்தச் சான்றிதழை அந்தந்த வருடமே வாங்கி வையுங்கள்.

முதன்மைத் தாள்களில் சமூகவியல், உளவியல், சமூகச் சட்டங்கள் வரும். அவற்றோடு சமூகப்பணியின் ஆறு முறைகள்: தனிநபர் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பு, சமூக நல நிர்வாகம், ஆராய்ச்சி, சமூகச் செயல். இந்த ஆறும்தான் களத்தில் உங்கள் கைக்கு வரப்போகிறவை, அதனால் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள்.

படி 4: களப்பணி

முதல் வருடம் பெரும்பாலும் பார்வையிடல்தான். முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம் என்று கூட்டிப்போவார்கள். இரண்டாம் வருடத்திலிருந்து வாரத்தில் ஓரிரு நாள் ஒரு நிறுவனத்தில் போடுவார்கள். இதைத்தான் ஏஜென்சி என்கிறோம். அங்கே உங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர், கல்லூரியில் ஒருவர்.

வகுப்புக்கு 75 சதவீத வருகைப் பதிவு போதும் என்ற நினைப்பு களப்பணியில் செல்லாது. பல கல்லூரிகளில் விட்ட நாளை வேறொரு நாளில் ஈடுசெய்தே ஆக வேண்டும். காய்ச்சலாக இருந்தாலும் முதலில் ஏஜென்சிக்கு, பிறகு கல்லூரிக்கு, இரண்டு பேருக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள். ஈடுசெய்யும் நாளை அந்த மாதத்துக்குள்ளேயே முடித்துவிடுங்கள். சேர்த்து வைத்தால் செமஸ்டர் கடைசியில் மூச்சு முட்டும்.

செலவு விஷயம் யாரும் சொல்வதில்லை. போக்குவரத்து, முகாம் கட்டணம், ரெக்கார்ட் நோட்டு என்று மாதாமாதம் கை கடிக்கும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. அதனால் ஏஜென்சி ஒதுக்கும்போது பேருந்து வழியைச் சொல்லிக் கேட்பதில் தயங்க வேண்டாம்.

படி 5: ரெக்கார்ட் எழுதுவது (இங்கேதான் எல்லோரும் மாட்டுகிறோம்)

எனக்கு மூன்று வருடத்தில் அதிகம் போராட்டமாக இருந்தது இதுதான். இப்போது நான் திருத்தும் நோட்டுகளிலும் அதே போராட்டத்தைப் பார்க்கிறேன். மாதிரிக்காக ஒன்று எழுதிக் காட்டுகிறேன். பலர் எழுதுவது இப்படி இருக்கும்:

"இன்று ஒரு பாட்டியைச் சந்தித்தேன். அவர் மிகவும் கஷ்டப்படுகிறார். அவருக்குப் பென்ஷன் வரவில்லை. நான் ஆறுதல் கூறினேன். அவர் மகிழ்ச்சி அடைந்தார்."

இதை வைத்து என்னால் எதுவும் செய்ய முடியாது. என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள், நீங்கள் என்ன நினைத்தீர்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. அதே வீட்டை இப்படி எழுதலாம்:

"க., வயது சுமார் 70, தனியாக இருக்கிறார். காலை 11 மணிக்குப் போனேன். வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். 'மூணு மாசமா பணம் ஏறல' என்று பாஸ்புக்கை எடுத்துக் காட்டினார். கடைசி வரவு 1,200 ரூபாய். எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமல் இருக்கிறார் என நினைத்தேன். பேசப் பேச, இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறார் என்பதும், கைரேகை பதியவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. கருவிழிப் பதிவுக் கருவி உள்ள மையம் எது என்று விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்குக் கூப்பிடுவதாக அவரே சொன்னார்."

இரண்டாவதில் பாட்டியின் பெயர் இல்லை, ஆனால் பாட்டி இருக்கிறார். அவர் ஏற்கெனவே எடுத்த முயற்சி இருக்கிறது. அடுத்த வாரம் எங்கே தொடங்க வேண்டும் என்பதும் தெரிகிறது. முக்கியமாக, மாணவி பாட்டிக்காக ஓடிப்போய் எல்லாவற்றையும் தானே முடித்துவிடவில்லை. தனிநபர் பணித் தாளில் 'தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை' என்று படிக்கிறோமே, அது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்.

கடைசியில் தனியாக ஒரு பத்தி, உங்கள் மனதில் என்ன ஓடியது என்று எழுதுங்கள். கோபம் வந்ததா, அழுகை வந்ததா, அந்த வீட்டை விட்டுச் சீக்கிரம் கிளம்ப வேண்டும் போல இருந்ததா? மறைக்க வேண்டாம். ஐ.சி.யில் ஆசிரியரால் உங்களுக்கு உதவ முடிவது அந்தப் பத்தியை வைத்துத்தான்.

எப்போது எழுதுவது? அன்று இரவே. மறுநாள் ஆனால் அவர்கள் சொன்ன வார்த்தை போய், உங்கள் வார்த்தைதான் மிஞ்சும். பல கல்லூரிகளில் ரெக்கார்டை ஆங்கிலத்தில் கேட்பார்கள். அப்படியென்றால் முதலில் தமிழில் குறித்துவிட்டு, பிறகு மாற்றி எழுதுங்கள்.

கருவிகளில் என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டும் பேனாவும் போதும். எதிரே ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது போனை எடுத்துத் தட்டுவது எனக்குப் பிடிக்காது, ரெக்கார்ட் செய்கிறீர்களோ என்று அவர்களுக்கும் பயம் வரும். குடும்ப வரைபடத்தைப் பென்சிலால் போடுங்கள், அடுத்த வாரம் கட்டாயம் மாறும். சர்வே எடுக்க கோபோ டூல்பாக்ஸ் நல்லது, இலவசம், சிக்னல் இல்லாத ஊரிலும் வேலை செய்யும். கூகுள் ஃபார்ம் வகுப்புத் தோழர்களிடம் அனுப்ப மட்டும்தான் சரிப்படும்.

படி 6: சொல்லக் கூடாததும், சொல்லியே ஆக வேண்டியதும்

களத்தில் சந்திக்கும் யாருடைய பெயரையும் முகத்தையும் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. குழந்தைகள் விஷயத்தில் இது சட்டம். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74, சட்டத்தோடு முரண்பட்ட (குற்றம் செய்ததாகச் சொல்லப்படும்) குழந்தையையோ, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையையோ அடையாளம் காட்டும் விவரத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது.

ஆனால் ஒரு குழந்தை தனக்கு நடந்த பாலியல் கொடுமையை உங்களிடம் சொன்னால், அதை ரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்காதீர்கள். போக்சோ சட்டத்தின் பிரிவு 19-இன்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். மாணவராக இருப்பதால் விலக்கு இல்லை. அந்த நிமிடமே ஏஜென்சி மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் போனில் பதிந்து வையுங்கள். குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டு விவரம் எடுப்பது உங்கள் வேலை இல்லை.

படி 7: முகாம், புராஜெக்ட், வைவா

கிராம முகாம் சில நாட்கள் இருக்கும். ஊர்க்காரர்களே கோலமாவால் தெருவையும் கிணற்றையும் வரைந்து காட்டும் சமூக வரைபடப் பயிற்சியைக் கட்டாயம் செய்து பாருங்கள். எந்தத் தெருவைக் கடைசியில் வரைகிறார்கள், எதை வரையாமல் விடுகிறார்கள் என்று கவனித்தால் ஊர் புரியும். புராஜெக்டுக்கு இளநிலையில் எக்செல் போதும், எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளைத் தேடி அலைய வேண்டாம். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேள்வி பெரும்பாலும் உங்கள் ரெக்கார்டிலிருந்தே வரும்.

முடித்த பிறகு

நம் நாட்டில் நர்சிங் கவுன்சில் போலப் பொதுவான சமூகப்பணிக் கவுன்சிலோ லைசென்ஸ் தேர்வோ கிடையாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தொண்டு நிறுவனங்கள் போன்ற இடங்களில் பி.எஸ்.டபிள்யூ. வைத்து விண்ணப்பிக்கக்கூடிய பணிகள் வரும். ஆனால் மனநல சமூகப் பணியாளர் ஆக நினைப்பவர்கள் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அதற்கு முதுநிலைப் பட்டமும் அந்தத் துறையில் எம்.ஃபில்லும் கேட்கிறது.

பின்சேர்க்கை 1: "வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க முடியுமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.எஸ்.டபிள்யூ. இருக்கிறது. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். ஆனால் அங்கேயும் களப்பணி உண்டு, வீட்டிலிருந்தே முடித்துவிட முடியாது. வேலை இடத்தில் வார நாளில் விடுப்பு கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள். வேறு தொலைநிலைப் படிப்பு என்றால், அந்த வருடத்துக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

பின்சேர்க்கை 2: வெளிநாட்டில் மேற்படிப்புக்கு முயலும் ஒரு தம்பி, களப்பணி மணிக்கணக்குக்குச் சான்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இளநிலைப் படிப்புக்குக் குறைந்தது 400 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும், அதனால் கேட்கத்தான் செய்வார்கள். நம் மதிப்பெண் பட்டியலில் பெரும்பாலும் களப்பணிக்கு மதிப்பெண் மட்டும்தான் இருக்கும். கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன்பே, ஏஜென்சியின் பெயர், தேதிகள், மொத்த மணி நேரம், மேற்பார்வையாளரின் தகுதி இவை நான்கும் உள்ள கடிதத்தைத் துறைத் தலைவரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் வாங்கிவிடுங்கள். ஆசிரியர்கள் மாறிவிட்டால் பழைய வருகைப் பதிவைத் தேடி எடுப்பது பெரும்பாடு.