வைட்பாண்ட் பார்ப்பது பெற்றோலை அல்ல

போன மாரிக்குக் கொஞ்சம் முன்னம், கிளிநொச்சியில் என் கராஜுக்கு ஒரு பழைய லான்சர் வந்தது. காபரேட்டரைக் கழற்றி இன்ஜெக்டர் பூட்டி, பெற்றோலைக் கணக்குப் பார்க்க வெளியில் வாங்கிய ஈசியூ (இஞ்சின் கொம்பியூட்டர்) ஒன்று போட்டு, புகையைப் பார்த்துக் காற்று-பெற்றோல் கலவையை எண்ணாகச் சொல்லும் வைட்பாண்ட் ஒட்சிசன் சென்சரும் வைத்திருந்தார் கார்க்காரத் தம்பி. ஐடிலில் மீற்றர் 17 காட்டியது, அதாவது ஒரு பங்கு பெற்றோலுக்கு 17 பங்கு காற்று. 14.7க்கு மேலே போனால் லீன், பெற்றோல் குறைவு; கீழே வந்தால் ரிச், பெற்றோல் கூட. "அண்ணை, எவ்வளவு பெற்றோல் கூட்டினாலும் லீன் எண்டுதான் காட்டுது" என்றார். பின்னால் போய் நின்றால் கண் எரிகிறது. பிளக்கைக் கழற்றினால் சட்டி அடி மாதிரிக் கரி. மீற்றர் லீன் என்கிறது, மூக்கும் பிளக்கும் ரிச் என்கின்றன.

குனிந்து மனிபோல்டும் பைப்பும் சேரும் இடத்தைப் பார்த்தேன். கஸ்கட் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கரிக்கோடு. ஈரச் சாக்கை மடித்து அதில் அழுத்தினேன். சாக்கு சீறியது, மீற்றர் 12க்குக் கீழே இறங்கியது. தம்பி இரண்டு கிழமையாகக் கூட்டிய பெற்றோல் எல்லாம் அந்தக் கரிக்கோட்டுக்காகத்தான்.

இந்தச் சென்சருக்குப் பெற்றோல் தெரியாது. புகையில் மிஞ்சி நிற்கும் ஒட்சிசன்தான் தெரியும். ரிச்சான புகையில் எரியாமல் கிடப்பதை எரிக்க எவ்வளவு ஒட்சிசன் தேவை என்பதையும் அது கணக்கெடுக்கும். ஒட்சிசன் எந்த வழியால் வந்தது என்று அது கேட்பதில்லை. புகை துடித்துத் துடித்துத்தான் பைப்பில் போகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவில் அமுக்கம் குறையும்போது வெடிப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஐடிலில் இது மிக மோசம். மிதித்து ஓடும்போது புகை பெருகுவதால் அவ்வளவாகத் தெரியாது. ஐடிலில் மட்டும் லீன், ஓட்டத்தில் சரி என்றால் நான் முதலில் தேடுவது கசிவைத்தான்.

மிஸ்பயரும் இதே பொய்யைச் சொல்லும். ஒரு சிலிண்டர் பற்றவில்லை என்றால் அதன் பெற்றோலோடு அதன் ஒட்சிசனும் முழுசாக வெளியே வரும், மீற்றர் லீன் பக்கம் ஓடும். ரிச்சாகி பிளக் நனைந்து மிஸ் அடிக்கிற இஞ்சினுக்கு, மீற்றரை நம்பி இன்னும் பெற்றோல் ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய காம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டவர்களுக்கு ஐடிலில் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில் காற்று நேராகக் கடந்துபோவதால் இதே கதைதான்.

தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடை நேரத்தில், வன்னியில் துளிப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். அந்த ஆட்களுக்கு மீற்றர் இல்லை. புகையின் நிறம், பிளக்கின் நிறம், சத்தம், இவ்வளவுதான். வைட்பாண்ட் வந்துவிட்டது என்று பிளக் ஸ்பானரைத் தூக்கிப் பரணில் போடவேண்டாம்.

அடுத்தது ஏர்த். எனக்குத் தெரிந்து அதிக நாட்களைத் தின்கிற தவறு இதுதான். டாஷில் இருக்கும் மீற்றர் 13.2 காட்டும், லப்டொப்பில் ஈசியூ 13.8 காட்டும். உடனே சென்சர் பழுது என்று புதிது வாங்கப் போவார்கள். சென்சரில் பிழையில்லை. சென்சருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் இருக்கும் கொன்ட்ரோலர் பெட்டி தன் அளவை 0 முதல் 5 வோல்ட் வரை ஒரு வயரில் ஈசியூவுக்கு அனுப்புகிறது. இன்னோவேற் கொம்பனியின் கொன்ட்ரோலரில் வழக்கமான அமைப்பு 0 வோல்ட்டுக்கு 7.35, 5 வோல்ட்டுக்கு 22.39. ஒரு வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட 3. கொன்ட்ரோலரின் ஏர்த்துக்கும் ஈசியூவின் ஏர்த்துக்கும் 0.2 வோல்ட் வித்தியாசம் இருந்தாலே 0.6 பிழை வந்துவிடும். சென்சரின் ஹீற்றர் நல்ல கரண்ட் இழுக்கிறது. அதன் ஏர்த்தை டாஷுக்குப் பின்னால் தகரத்தில் ஒரு திருகாணியில் கட்டினால் இந்த வித்தியாசம் தானாக வரும். ஹீற்றர் ஏர்த்தைத் தடித்த வயரில், ஈசியூவின் மெயின் ஏர்த் போகும் அதே இஞ்சின் புளொக் இடத்துக்குக் கொண்டுபோங்கள். சிக்னல் ஏர்த் தனி வயரில் ஈசியூவின் சென்சர் ஏர்த்துக்குப் போகவேண்டும். இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள். இரண்டு பெட்டியிலும் கான் (CAN என்ற டிஜிட்டல் தொடர்பு வயர்) இருந்தால் அளவை அதில் கொடுத்துவிடுங்கள், எண்ணாகவே போவதால் இந்தத் தொல்லையே இல்லை.

ஏர்த் சரியாக இருந்தும் இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் எத்தனை வோல்ட்டுக்கு எந்த எண் என்று ஈசியூவில் தெரிவு செய்த அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு கொம்பனிக்கும் வோல்ட் கணக்கு வேறு. நரோபாண்ட் (ரிச்சா லீனா என்று மட்டும் சொல்லும் பழைய வகைச் சென்சர்) என்று தெரிவு செய்த ஈசியூவுக்கு 0.45 வோல்ட்டைச் சுற்றித்தான் உலகம். ஐந்து வயர் சென்சரை, நடுவில் கொன்ட்ரோலர் இல்லாமல், பழைய நரோபாண்ட் பின்னில் சொருகிக்கொண்டு வந்தவரும் உண்டு. சில ஈசியூக்களில் கொன்ட்ரோலர் உள்ளேயே இருக்கும். உங்களுடையது அப்படியா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

வைட்பாண்ட் சென்சர்களில் பொஷ் எல்எஸ்யூ 4.2ம் 4.9ம் பார்வைக்கு ஒன்று போலத்தான், ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்ற முடியாது. வயர் நீளம் போதாது என்று சென்சரின் கொனெக்டரை வெட்டி எறியவே கூடாது. அந்தச் சென்சருக்கென்று அளந்த றெசிஸ்டர் கொனெக்டருக்குள்தான் இருக்கிறது. நீட்டவேண்டுமென்றால் கொன்ட்ரோலர் பக்க வயரில் அதற்கான எக்ஸ்ரென்சனைப் போடுங்கள். 4.2 வகைக்குத் திறந்த காற்றில் கலிபிரேற் செய்யவேண்டும். பக்கத்தில் லான்ட்மாஸ்ரர் (இரு சக்கர உழவு இயந்திரம்) புகைத்துக்கொண்டு நிற்கும்போது செய்துவிட்டு வராதீர்கள்.

பூட்டும் இடமும் சாவி போடும் பழக்கமும் சேர்ந்துதான் இந்தச் சென்சரைக் கொல்கின்றன. உள்ளே இருக்கும் பீங்கான் 780 பாகை செல்சியஸ் வரை சூடாகிறது. விடிய முதல் ஸ்ராட்டில் சைலன்சரால் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு துளி சூடான பீங்கானில் பட்டால் வெடித்துவிடும். ஆகவே பைப்பின் அடியில் பூட்டக்கூடாது. மணிக்கூட்டு முகத்தில் 10க்கும் 2க்கும் இடையில், மேல் பக்கம் வரட்டும். டர்போ இருந்தால் அதற்குப் பிறகு. சாவியைப் போட்டு, சென்சர் சூடாகும் வரை லப்டொப்பில் பத்து நிமிடம் நோண்டிவிட்டு ஸ்ராட் பண்ணுகிறவர்கள், தண்ணீரை நேராகச் சூட்டில் அடிக்கிறார்கள். இஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு ஹீற்றருக்குக் கரண்ட் போகும்படி றிலேயை அமைக்கலாம். கஸ்கட்டுக்குச் சாதாரண சிலிக்கோன் பூசுவதும் சென்சருக்கு நஞ்சு. ஒட்சிசன் சென்சருக்குப் பாதுகாப்பு என்று எழுதிய ரியூப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

மீற்றரில் தெரியும் 14.7 என்பதையும் சொல்லவேண்டும். சென்சர் அளப்பது லம்டா, அதாவது பெற்றோல் முழுசாக எரியத் தேவையான காற்றைப் போல் எத்தனை மடங்கு காற்று இருக்கிறது என்பது. அதை 14.7ஆல் பெருக்கித்தான் மீற்றர் காட்டுகிறது. எதனோல் கலந்த பெற்றோலுக்கு உண்மையான எண் 14.7 இல்லை, ஆனால் லம்டா 1 எப்போதும் 1தான். லம்டாவில் வேலை செய்யப் பழகினால் குழப்பம் குறையும். 92 ஒக்ரேன் பெற்றோலை விட்டு 95 ஊற்றினால் எண் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒக்ரேன் என்பது இஞ்சின் அடிப்பை (நொக்) தாங்கும் சக்தி, இது வேறு.

இனி ஓட்டோரியூன், அதாவது சென்சரின் எண்ணைப் பார்த்து ஈசியூவின் பெற்றோல் அட்டவணையைக் கட்டம் கட்டமாகத் தானே திருத்துவது. லப்டொப்பில் ரியூனர்ஸ்டூடியோ மென்பொருளில் அதைப் போட்டுவிட்டு ஏ9 ரோட்டில் ஒரு ஓட்டம் ஓடினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். புகை சென்சருக்கு வந்துசேர நேரம் எடுக்கும், குறைந்த ஆர்பிஎம்மில் இன்னும் கூட. மிதித்து விட்டு மிதித்து விட்டு ஓடினால் ஒரு கட்டத்தின் புகையைப் பார்த்து இன்னொரு கட்டத்தைத் திருத்தும். காலை எடுத்ததும் ஈசியூ பெற்றோலை நிறுத்தும், பைப்பில் வெறும் காற்று வரும், மீற்றர் 20ஐத் தாண்டும். அதை வடிகட்டாவிட்டால் அந்தக் கட்டங்களிலும் பெற்றோல் நிரப்பிவிடும். இஞ்சின் சூடாகட்டும், குளோஸ்ட் லூப்பை (ஓடும்போது சென்சரைப் பார்த்து ஈசியூ பெற்றோலைக் கூட்டிக் குறைப்பதை) நிறுத்துங்கள், ஒரே வேகத்தில் ஓடுங்கள். முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு மாங்குளம் பக்கம் போகும் நேர் ரோட்டு அதற்கு நல்லது, விடியப்புறத்தில். பின்னேரத்தில் மாடுகள் ரோட்டில் படுத்திருக்கும். ஓட்ட ஒருவர், லப்டொப் பார்க்க ஒருவர்.

பிறகு குளோஸ்ட் லூப்பைத் திரும்பப் போடும்போது ஈசியூ எவ்வளவு திருத்தலாம் என்று எல்லை வையுங்கள். நான் பத்து சதவீதத்துக்கு மேல் கொடுப்பதில்லை, முழு மிதியில் ஒன்றுமே கொடுப்பதில்லை. மேலே சொன்ன அமைப்பில் சிக்னல் வயர் அறுந்து 0 வோல்ட் வந்தால் ஈசியூவுக்கு அது 7.35, படு ரிச். உடனே பெற்றோலைக் குறைக்கும். எல்லை இல்லாவிட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும் வரை குறைக்கும். நாலு சிலிண்டரின் புகையும் கலந்த பிறகுதான் சென்சர் பார்க்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். ஒரு இன்ஜெக்டர் அடைத்தால் மற்ற மூன்றுக்கும் பெற்றோல் கூடும், அடைத்தது லீனாகவே இருக்கும்.

கொன்ட்ரோலரைக் கழற்றி விற்றுவிட்டு சென்சரை மட்டும் பைப்பில் விட்டு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஹீற்றர் வேலை செய்யாத சென்சரில் கரி படிந்து கொஞ்ச நாளில் பயனில்லாமல் போகும். கழற்றுவதென்றால் இரண்டையும் கழற்றுங்கள். ஓட்டைக்கு 18 மில்லிமீற்றர், 1.5 புரியுள்ள அடைப்பு போல்ட் ஒன்று போதும்.