திருகோணமலையில் முதல் சுழியோட்டம்: இறங்குவதற்கு முன்னும் ஏறி வந்த பின்னும்

விடுமுறைக்கு நிலாவெளி வரும் சொந்தக்காரர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கே சுறா கடிக்காதா?" என்றுதான். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவைச் சுற்றித் திரியும் கருமுனைச் சுறாக்கள் ஆளைக் கண்டால் பெரும்பாலும் தாங்களே விலகிப் போய்விடும். புதிதாக ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரோடு சுழியோடப் பழகுகிறவருக்கு ஆபத்து வருவது மூச்சை அடக்குவதாலும் அவசரப்படுவதாலும். கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தனியாக இறங்கிவிட வேண்டாம். பயிற்றுநர் ஒன்றைச் சொல்லும்போது அதை ஏன் சொல்கிறார் என்று உங்களுக்கு விளங்க வேண்டும், அதற்குத்தான் இது.

படி 1: கடலையும் உடம்பையும் பாருங்கள்

எங்கள் பக்கத்துக் கடல் மே முதல் செப்டம்பர் வரை அமைதியாக இருக்கும். கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காலம் அது. காலையில் கண்ணாடி மாதிரிக் கிடக்கும் கடல் பின்னேரம் காற்று ஏறினால் குதிக்கத் தொடங்கிவிடும், அதனால் காலைப் படகையே கேளுங்கள். வாடை தொடங்கிவிட்டால் கடல் கலங்கிவிடும். அப்போது யார் கூப்பிட்டாலும் போக வேண்டாம்.

படகேறுமுன் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். தடிமனையும் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். ஒரு தடவை, காசு கட்டியாயிற்றே என்று லேசான தடிமனோடு இறங்கினேன். 3 மீற்றரில் காதுக்குள் ஊசி குத்தியது போல இருந்தது. பயிற்றுநரிடம் சொல்ல வெட்கப்பட்டு இன்னும் கொஞ்சம் இறங்கினேன். அதன்பிறகு நான்கு நாள் வீட்டில் யார் கதைத்தாலும் கிணற்றுக்குள் இருந்து கதைப்பது போலவே கேட்டது.

படி 2: கரையிலேயே சோதித்துவிடுங்கள்

சிலிண்டரில் பொதுவாக 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும். அதில் இருப்பது சாதாரணக் காற்றுதான், "ஒக்சிசன் சிலிண்டர்" என்று பலர் சொல்வது தவறு. சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரை வாயில் வைத்து மூன்று நான்கு தடவை மூச்சு இழுங்கள், கண் காற்றழுத்தம் காட்டும் கேஜ் முள்ளில் இருக்கட்டும். இழுக்க இழுக்க முள் விழுந்து விழுந்து எழும்பினால் வால்வு முழுதாகத் திறக்கப்படவில்லை என்று அர்த்தம். அப்புறம் மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்று ஜாக்கெட்டை ஊதியும் காற்றை விட்டும் பாருங்கள். ஈயக்கட்டிப் பட்டியை ஒரே இழுப்பில் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். கூட இறங்கும் துணையின் கருவிகளையும் இப்படியே பாருங்கள், அவர் உங்களுடையதைப் பார்க்கட்டும். அவருடைய உபரி ரெகுலேட்டர் எந்தப் பக்கம் தொங்குகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காற்று தீர்ந்தால் கை போக வேண்டிய இடம் அது.

படி 3: காதோடு சேர்ந்து இறங்குங்கள்

நீருக்குள் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் மேற்பரப்பில் உள்ள அளவு அழுத்தம் இன்னொரு மடங்கு கூடுகிறது. முதல் சில மீற்றரிலேயே காது அதை உணர்ந்துவிடும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக மூக்கு வழியே ஊதுங்கள், காதுக்குள் "டப்" என்று திறக்கும். வலி வந்த பிறகு செய்தால் பிந்திவிட்டது. தண்ணீருக்குள் தலை போன உடனே தொடங்கி, ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு தடவை செய்யுங்கள். திறக்கவில்லையா, பலமாக ஊதாதீர்கள். ஒரு மீற்றர் மேலே வந்து மறுபடி பாருங்கள். அப்போதும் முடியாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், படகுக்குத் திரும்புங்கள்.

சான்றிதழ் இல்லாமல் பயிற்றுநரோடு போகும் அறிமுகச் சுழியோட்டத்துக்கு எல்லை 12 மீற்றர். ஓப்பன் வாட்டர் என்ற முதல் சான்றிதழ்ப் பயிற்சி முடித்தவருக்கு 18 மீற்றர், எங்கள் மீனவர் கணக்கில் 10 பாகம். பொழுதுபோக்குச் சுழியோட்டம் எப்படிப் பார்த்தாலும் 40 மீற்றரோடு நின்றுவிடும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன, அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தன. அதைப் பார்க்கலாமா என்று கேட்கும் தம்பிமார் உண்டு. அது கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே, தம்பி.

படி 4: மூச்சை ஒருபோதும் அடக்காதீர்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். ஆற்றிலும் குளத்திலும் நீந்தி வளர்ந்தவர்களுக்குத் தண்ணீருக்குள் போனால் மூச்சை அடக்குவதுதான் பழக்கம். ஸ்கூபாவில் அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும். 10 மீற்றரில் நீங்கள் இழுக்கும் காற்று அங்குள்ள அழுத்தத்துக்கு ஏற்றபடி அடர்ந்தது. நெஞ்சு நிறைய அதை வைத்துக்கொண்டு மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரலில் அவ்வளவு இடம் கிடையாது. ஆழம் குறைவுதானே என்றும் ஏமாற வேண்டாம். மேல்பரப்புக்கு அருகில்தான் காற்று மிக வேகமாக விரிகிறது, நீச்சல் குளத்து ஆழத்திலேயே நுரையீரல் கிழிய முடியும்.

அதனால் உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று மெதுவாக இழுத்து விடுங்கள். வாயிலிருந்து ரெகுலேட்டர் கழன்றால்கூட உதட்டைக் கொஞ்சம் திறந்து சின்னக் குமிழிகளை விட்டுக்கொண்டே இருங்கள். வலது தோளைத் தாழ்த்தி, கையைத் தொடையோடு ஒட்டிப் பின்னால் கொண்டுபோய் அரைவட்டமாக முன்னால் சுழற்றினால் குழாய் கையில் மாட்டும். வாயில் வைத்ததும் முதலில் ஊதித் தண்ணீரை வெளியேற்றுங்கள், அப்புறம்தான் இழுக்க வேண்டும்.

மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் பலர் பதறுகிறார்கள். மேல் விளிம்பை விரலால் அழுத்தி, முகத்தைச் சற்று உயர்த்தி, மூக்கால் ஊதுங்கள், தண்ணீர் கீழ் விளிம்பால் போய்விடும். இந்த இரண்டையும் இடுப்பளவுத் தண்ணீரில் முழங்காலிட்டு, அலுத்துப்போகும் வரை பழகுங்கள்.

மிதப்பைக் கட்டுப்படுத்துவதும் மூச்சால்தான். நெஞ்சு நிறைய இழுத்தால் சில நொடியில் கொஞ்சம் எழும்புவீர்கள், விட்டால் தாழ்வீர்கள். புதியவர்கள் இதற்குப் பொறுமை இல்லாமல் ஜாக்கெட்டு பொத்தானை அமுக்கி அமுக்கி, ஒரு நேரம் பலூன் மாதிரி மேலே போவார்கள், ஒரு நேரம் முருகைக்கல்லில் உட்காருவார்கள். கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, உடம்பைப் படுக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். எதையும் தொட வேண்டாம். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அதோடு, கல் என்று நினைத்துக் கை வைத்த இடத்தில் நச்சு முள்ளுள்ள கல்மீன் படுத்திருக்கலாம்.

படி 5: கைப்பாஷை

கட்டைவிரலை உயர்த்தினால் "சூப்பர்" என்று அர்த்தம் இல்லை, "மேலே போவோம்" என்று அர்த்தம். என் மச்சான் ஒருவர் கடலாமையைக் கண்ட சந்தோஷத்தில் கட்டைவிரலைக் காட்டினார். பயிற்றுநர் அவரை மரியாதையாக மேலே கூட்டிவந்துவிட்டார். எல்லாம் சரி என்று சொல்லக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம். விரித்த கையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் ஏதோ பிரச்சினை. கழுத்தை வெட்டுவது போல் காட்டினால் காற்று இல்லை.

படி 6: ஏறுவது

கேஜை அடிக்கடி பாருங்கள். 10 மீற்றரில் காற்று மேலே செலவாவதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் தீரும். 50 பார் மிச்சம் இருக்கும்போது நீங்கள் படகில் இருக்க வேண்டும், அந்தக் கணக்கில் திரும்பத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறாதீர்கள். நீங்கள் விட்ட சின்னக் குமிழிகள் உங்களைத் தாண்டிப் போகட்டும். 5 மீற்றரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். சோடாப் போத்தலை மெதுவாகத் திறந்தால் நுரை பொங்காது அல்லவா, இரத்தத்தில் கரைந்திருக்கும் நைதரசனும் அப்படித்தான். பிறகு ஒரு கையை மேலே நீட்டியபடி, சுற்றிப் பார்த்துக்கொண்டு ஏறுங்கள். புறாத்தீவுக்குப் போய்வரும் படகுகள் அதிகம், இஞ்சின் சத்தம் கிட்டக் கேட்டால் கீழேயே பொறுத்திருங்கள். மேலே வந்ததும் ஜாக்கெட்டை ஊதுங்கள். படகில் ஏறும்வரை ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும்.

கோணேசர் மலையடியைப் பற்றியும் கேட்பார்கள். போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களையும் கற்களையும் 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோட்டத் துணை மைக் வில்சனும் அங்கே கடலுக்கடியில் கண்டார்கள். அலை பாறையில் மோதித் திரும்பும் இடம் அது, மிதப்பு கைவந்த பிறகு போகலாம்.

படி 7: அன்றைக்கு மலையேற வேண்டாம்

ஒரு சுழியோட்டத்துக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்டால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். மலைநாட்டிலிருந்து வேன் பிடித்து வருகிறவர்கள் மறப்பது, நுவரெலியாவும் ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரம் என்பதை. உயரம் ஏறினால் காற்றழுத்தம் குறையும், உடம்பில் மிச்சமிருக்கும் நைதரசன் குமிழியாகலாம். காலையில் சுழியோடிவிட்டு இரவே அங்கே போனாலும் உடம்புக்கு விமானம் ஏறியது மாதிரித்தான். பயணத்தின் முதல் நாளில் சுழியோடுங்கள், கடைசி நாளைக் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவோ மறுநாளோ மூட்டு வலி, கை கால் விறைப்பு, தலைச்சுற்று, காரணமில்லாத களைப்பு வந்தால் "நித்திரை கொண்டால் சரியாகும்" என்று படுக்காதீர்கள். அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைத்து, சுழியோடியதை முதலில் சொல்லுங்கள். எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம், மேலே வந்தது எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் படகிலேயே போனில் குறித்து வைத்திருந்தால் வைத்தியருக்கு அப்படியே காட்டலாம்.