பின்சீட்டில் பெல்ட் எதற்கு என்கிறவர்களுக்கு

தைப்பூசத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து பினாங்குத் தண்ணீர்மலைக்குக் கிளம்பும் கார் ஒன்றை எட்டிப் பாருங்கள். முன்னால் இருவரும் சீட் பெல்ட் போட்டிருப்பார்கள். பின்னால் பாட்டி, அத்தை, மடியில் குழந்தை. மலேசியாவில் பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயமானது 2009 ஜனவரியில். எங்கள் காரில் அதைச் சீட் இடுக்கிலிருந்து தோண்டி எடுத்தபோது, கூடவே ஒரு முறுக்குத் துண்டும் 20 சென் நாணயமும் வந்தன.

“முன்சீட் தாங்கிக்கொள்ளும்” என்பதுதான் பெரிய தவறு. ஒரு விபத்தில் மோதல் மூன்று: கார் மரத்தில் மோதுகிறது, அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் உடல் காருக்குள் மோதுகிறது, உடலுக்குள் ஈரலும் மூளையும் எலும்பில் மோதுகின்றன. பெல்ட் போடாத பின்சீட்டுக்காரர் முன்சீட்டின் முதுகில் பாய்கிறார். பெல்ட் போட்டிருந்தும் முன்னால் இருப்பவர் நசுங்குகிறார். பட்டுச்சேலை கசங்கும் என்று மறுக்கும் பாட்டி ஆபத்தில் வைப்பது, காரோட்டும் தன் மகனையும் சேர்த்துத்தான்.

போட்டுக்கொண்டாலும் இடம் முக்கியம். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின்மேல் தாழ்ந்து இருக்க வேண்டும். வயிற்றில் ஏறினால் குடலைக் கிழிக்கும். கர்ப்பிணிகளுக்கு அது வயிற்றுக்குக் கீழே. தோளின்மேல் வரும் பட்டையை அக்குளுக்கு அடியில் விடுவதும், சீட்டைச் சாய்த்துத் தூங்குவதும் கூடாது. சாய்ந்து கிடப்பவர் மோதலில் பட்டைக்கு அடியில் வழுக்கிவிடுவார்.

“நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்” என்று சொல்லும் தாயின் பாசத்தில் குறையில்லை, கணக்கில்தான் குறை. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், 10 கிலோ குழந்தையின் இழுப்பு 100 கிலோவைத் தாண்டும். ஒரே பெல்ட்டில் இருவரையும் கட்டினால் தாயின் எடையே குழந்தையை நசுக்கும். குழந்தை இருக்கை 2020 முதல் கட்டாயம். குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும் இருக்கையை ஏர்பேக் உள்ள முன்சீட்டில் வைக்கவே வைக்காதீர்கள். வெடித்து விரியும் பை நேராகக் குழந்தையின் தலைப்பக்கம் அறையும்.

பெல்ட் போடாவிட்டால் வரும் எச்சரிக்கை ஒலியை அடக்க, பட்டையில்லாத வெறும் கொக்கியை வாங்கிச் செருகுகிறவர்களை என்ன சொல்வது? ஏர்பேக் பெல்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும்படி அமைந்தது. பெல்ட் இல்லாதவர் பை விரிந்து முடிவதற்குள் அதன்மேல் போய் விழுகிறார். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

சீட்டின் மேலுள்ள தலைசாய்ப்பான் உச்சந்தலை உயரத்துக்கு இருக்கட்டும். பின்னாலிருந்து வேறொரு வண்டி இடிக்கும்போது கழுத்தைக் காப்பது அதுதான்.

பால்குடத்துக்குக் கொண்டுபோகும் பித்தளைக் குடம் யார் மடியிலும் வேண்டாம். காரின் பின்பெட்டியில், அடியில் வைத்துத் துணிப்பைகளால் அணைகொடுங்கள்.