அருமண் இல்லாத எல்இடி ஒளிர்பொருள்: புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

எல்இடி சிப்பின் ஒளியை வாங்கி வேறு நிறமாக வெளியிடும் தூள்தான் ஒளிர்பொருள். வழக்கமாக அதில் சீரியம், யூரோப்பியம் போன்ற அருமண் தனிமங்கள் இருக்கும். போன வாரம் ஒரு மாணவி சின்னக் குப்பியோடு வந்தார். புற ஊதா டார்ச்சை அடித்ததும் உள்ளேயிருந்த கார்பன் டாட் (மிக நுண்ணிய கார்பன் துகள்) கரைசல் நீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தது. "சீரியம், யூரோப்பியம் எதுவுமே போடல சார்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. உலர்த்திப் பாருங்கள் என்றேன். மறுநாள் காலை குப்பியின் அடியில் பழுப்புத் தூள். டார்ச் அடித்தும் ஒளியில்லை. ஆரம்பத்தில் எனக்கும் இதேதான் நடந்தது.

கரைசலை நம்பாதீர்கள்

கரைசலில் துகள்கள் விலகி நிற்கின்றன. உலர்ந்ததும் ஒன்றையொன்று ஒட்டி, வாங்கிய ஆற்றலைத் தங்களுக்குள்ளேயே கைமாற்றி வீணாக்கிவிடுகின்றன. சிலிக்காவிலோ பாலிமரிலோ பொதித்துப் பிரித்து வைத்த பிறகு அளந்து பாருங்கள்.

டார்ச் வேறு, சிப் வேறு

டார்ச் 365 நானோமீட்டர். கடையில் கிடைக்கும் வெள்ளை எல்இடிக்குள் இருப்பது 450 பக்கம் வரும் நீலச் சிப். துத்தநாக வனடேட் டார்ச்சில் அழகான மஞ்சள் தரும். நீல ஒளியை அது ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை.

தண்ணீரில் கழுவுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். பொட்டாசியம் ஃப்ளுரோசிலிகேட்டில் சிலிக்கானின் இடத்தில் கொஞ்சம் மாங்கனீசைச் சேர்த்தால், நீல ஒளியை விழுங்கி 631 நானோமீட்டரில் கூர்மையான சிவப்பைத் தரும். யூரோப்பியம் தேவையில்லை. 2010இல் சீனா ஏற்றுமதியை இறுக்கி, அருமண் விலை எகிறியதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதை ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில்தான் பெரும்பாலும் தயாரிக்கிறோம். வடிகட்டியதும் 'அமிலம் போகும்வரை தண்ணீரில் கழுவு' என்று கல்லூரியில் பழகிய கை தானாகவே வாலை வடிநீர் பாட்டிலுக்குப் போகும். நானும் அப்படித்தான் கழுவினேன். வடிதாளில் எலுமிச்சை மஞ்சளாக இருந்த தூள் ஓரத்தில் மட்டும் லேசாகப் பழுப்பேறியது. ஈரம் காயாததால் என்று நினைத்தேன். எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) எடுத்தால் கோடுகள் எல்லாம் சரியாக இருந்தன. ஒளிர்வு மட்டும் பாதிகூட இல்லை. மாங்கனீசு அளவில்தான் கோளாறு என்று நினைத்து மூன்று வாரம், நான்கு முறை புதிதாகத் தயாரித்தேன். நான்கையும் அதே தண்ணீரில் கழுவினேன்.

நடந்தது இதுதான்: நான்கு நேர்மின்சுமை கொண்ட மாங்கனீசு தண்ணீர் பட்டதும் மாங்கனீசு டைஆக்சைடாக மாறுகிறது. துகளின் மேல் மெல்லிய பழுப்புப் படலம் போதும். வரும் நீலத்தையும் வெளியேறும் சிவப்பையும் அது உறிஞ்சிவிடும். படலம் அவ்வளவு மெல்லியது என்பதால் எக்ஸ்ஆர்டியில் தெரியாது. பல கட்டுரைகளில் செய்முறை 'கழுவி உலர்த்தினோம்' என்பதோடு முடிந்துவிடுகிறது. எதில் கழுவினார்கள் என்பதல்லவா முக்கியம்!

முதலில் நீர்த்த ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம், அப்புறம் அசிட்டோன் அல்லது எத்தனால். உலர்ந்ததை உலர்கலனில் வையுங்கள். மழைக்காலத்தில் மேசைமேல் திறந்து வைக்கவே கூடாது. சிலிகோனில் பொதித்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள், ஈரம் அதைக் கடந்து உள்ளே போகும். மாங்கனீசு இல்லாத பொட்டாசியம் ஃப்ளுரோசிலிகேட்டையே மேலே ஒரு போர்வையாக வளர்ப்பது நல்ல வழி. 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதத்தில் வைத்து எடுத்த பிறகு வரும் ஒளிர்வு எண்ணைத்தான் நான் நம்புவேன்.

அந்த அமிலத்தோடு அலட்சியம்

கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், அரிக்கும். தனியாக வேலை செய்ய வேண்டாம். அமிலம் தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு பக்கத்தில் இல்லாமல் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.

நச்சான காட்மியம் போட்டு 'பசுமை' என்பது

வேண்டாம்.

'முழுக்க அருமண் இல்லை' என்று எழுதுவது

மாங்கனீசுச் சிவப்பின் பக்கத்தில் மஞ்சளுக்கு வழக்கமான கார்னெட் தூளைக் கலந்திருப்பீர்கள். அதில் இட்ரியமும் சீரியமும் அப்படியே இருக்கின்றன. 'யூரோப்பியம் இல்லாத சிவப்பு' என்று எழுதுங்கள். நீங்கள் செய்திருப்பது அதுதான்.