லிதுவேனியாவில் வேர் தேடுவது எப்படி: முதலில் ஊர் பெயரைப் பிடியுங்கள்

"கொள்ளுத்தாத்தா லிதுவேனியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்" என்ற ஒற்றை வரியோடு நேரே தலைநகர் வில்னியஸில் உள்ள ஆவணக் காப்பகத்துக்குள் நுழைந்தால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அங்கே பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பங்குக் கோயில் (அந்தந்தப் பகுதிக்கான கத்தோலிக்கத் தேவாலயம்) வாரியாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தக் கோயில் என்று தெரிய கிராமத்தின் பெயர் தெரிய வேண்டும். அந்தப் பெயர் பெரும்பாலும் அவர் போய்ச் சேர்ந்த நாட்டுக் காகிதங்களில்தான் ஒளிந்திருக்கும். அதனால் தேடலை அங்கிருந்தே தொடங்குங்கள்.

அமெரிக்கா என்றால் 1906 செப்டம்பருக்குப் பிந்தைய குடியுரிமை விண்ணப்பங்களில் பிறந்த ஊர் இருக்கும். 1907க்குப் பிந்தைய கப்பல் பயணிகள் பட்டியலில் பிறந்த ஊரோடு, ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் கிடைக்கும், அது பெரிய புதையல். 'ரஷ்யா' என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், முதல் உலகப்போர் வரை லிதுவேனியா ரஷ்யப் பேரரசின் பகுதிதான். பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களுக்கோ சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளுக்கோ போனவர் என்றால், அங்கே லிதுவேனியர்கள் கட்டிய கத்தோலிக்கக் கோயில்களின் திருமணப் பதிவேட்டையும் கல்லறைக் கல்லையும் விடாதீர்கள்.

சரி, இனி தலைவலி தரும் விஷயம், பெயர். கஸ்லவுஸ்காஸ் என்பவரின் மனைவி கஸ்லவுஸ்கியேனே, மணமாகாத மகள் கஸ்லவுஸ்கைதே. மூவரும் ஒரே குடும்பம், ஆனால் தேடுபொறிக்கு மூன்று வேற்று ஆட்கள். போதாக்குறைக்கு அதே ஆளைப் போலந்து மொழியில் எழுதிய பாதிரியார் 'கொஸ்லோவ்ஸ்கி' என்று பதிந்திருப்பார். ஸ்காட்லாந்துச் சுரங்கங்களுக்குப் போன சிலர் ஸ்மித், பிரவுன் என்றே மாறிப்போனார்கள். நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவின் அதிகாரிதான் பெயரை மாற்றினார் என்று பல குடும்பங்களில் ஒரு கதை உண்டு, நான் அதை நம்புவதில்லை. பயணிகள் பட்டியல் கப்பல் கிளம்பிய துறைமுகத்திலேயே எழுதப்பட்டது, பெயர் மாறியது பெரும்பாலும் அப்புறம் வேலையிடத்திலும் பள்ளியிலும்தான். ஆகவே எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

ஊர் பெயருக்கும் இதே கதை. இன்றைய உக்மெர்கே பழைய காகிதத்தில் வில்கோமிர், பனெவெஜிஸ் என்பது பொனெவெஜ். ஒரே பெயரில் பல கிராமங்கள் இருப்பதால் அருகிலுள்ள கோயில் ஊரையும் சேர்த்துப் பிடித்தால்தான் உறுதி.

பங்குக் கோயில் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பழைய ஏடுகளின் படங்களை லிதுவேனியாவின் மரபு ஆவணத் தளமான ஈபவெல்தாஸில் (ePaveldas) வீட்டிலிருந்தபடி இலவசமாகப் புரட்டலாம், ஃபேமிலிசர்ச் (FamilySearch) என்ற வம்சாவளித் தளத்திலும் கொஞ்சம் இருக்கும். மொழிதான் சோதிக்கும்: பழையவை லத்தீனிலும் போலிஷிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரஷ்ய மொழியில். மொழி முழுக்கக் கற்க வேண்டியதில்லை. உங்கள் குடும்பப் பெயரும் ஊர் பெயரும் ரஷ்யக் கையெழுத்தில் எப்படி இருக்கும் என்று பத்து முறை எழுதிப் பழகினால் கண் தானாகப் பிடித்துக்கொள்ளும். மரியாம்போலே பக்கம், அதாவது பழைய சுவால்கி மாகாணத்தில், ஒவ்வொரு பதிவும் தந்தையின் வயது, சாட்சிகள் என்று ஒரு பத்தியாகவே இருக்கும். படிக்கச் சிரமம்தான், ஆனால் விவரம் அதிகம்.

தேதி பொருந்தவில்லையென்றால் உடனே வேறு ஆள் என்று ஒதுக்காதீர்கள். ரஷ்யப் பேரரசில் ஜூலியன் என்ற பழைய நாட்காட்டி புழங்கியதால், இன்றைய நாட்காட்டியோடு ஒப்பிட்டால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 12 நாளும், 1900 மார்ச்சுக்குப் பிறகு 13 நாளும் வித்தியாசம் வரும்.

குடும்பம் இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியின் அகதி முகாம் வழியாக வெளியேறியிருந்தால் மேலே சொன்ன கப்பல் பட்டியல் எல்லாம் ரொம்பப் பழசு, நேராக நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்கள், போருக்குப் பிந்தைய அகதிகள் பற்றிய பதிவுகளை வைத்திருக்கும் ஜெர்மனியின் அரோல்சன் ஆவணக் காப்பகத்தில் பெயரைத் தட்டுங்கள். ஊரிலேயே தங்கிய அண்ணன் தம்பிகளின் தடம் 1941 ஜூனோடு சட்டென நின்றுபோனால், அப்போது சோவியத் ஆட்சியால் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்களின் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள்.