பிடிஎஃப் எதில் திறக்க வேண்டும்?

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஹால் டிக்கெட் அச்சடிக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, பிடிஎஃப் கோப்பைத் தட்டினால் அது உலாவியில் போய்த் திறக்கும். எரிச்சலாக வரும். எனக்குச் சுமத்ராபிடிஎஃப் போதும். சிறிய மென்பொருள், என் பழைய கணினியிலும் சட்டென்று திறக்கிறது.

விண்டோஸ் 11-இல், ஏதேனும் ஒரு பிடிஎஃப் கோப்பின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'ஓப்பன் வித்', பிறகு 'சூஸ் அனதர் ஆப்' என்று போங்கள். வரும் பட்டியலில் வேண்டிய மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அடியில் 'ஆல்வேஸ்', 'ஜஸ்ட் ஒன்ஸ்' என இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டாவதை அழுத்தினால் அந்த ஒரு தடவையோடு சரி. அடுத்த கோப்புக்குப் பழைய குருடி கதவைத் திறடிதான். 'ஆல்வேஸ்' அழுத்துங்கள். விண்டோஸ் 10-இல் அதற்குப் பதில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்துவிட்டு ஓகே கொடுக்க வேண்டும்.

இன்னொன்று: பெயரை மாற்றினால் கோப்பு மாறாது. ஒரு பெரியவர் வேர்டு கோப்பின் பெயர் முடிவில் பிடிஎஃப் என்று திருத்திக்கொண்டு வந்தார். எதிலும் திறக்கவில்லை. பழைய பெயரைத் திரும்ப வைத்து, வேர்டில் திறந்து, 'சேவ் ஆஸ்' வழியாகப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தேன்.