பாலிசி வேலைக்கு ரெசியூமே அனுப்புறதுக்கு முன்னாடி இதெல்லாம் பண்ணுங்க

டிகிரி முடிச்சிட்டு பப்ளிக் பாலிசி பக்கம், அதாவது அரசாங்கத் திட்டம், சட்டமெல்லாம் ஆராயுற வேலைக்குப் போகணும்னு ஆசப்படுற நம்ம ஊர் பிள்ளைங்க ரெசியூமே நெறைய என்கிட்ட வருது, பாத்து சொல்லுங்கண்ணான்னு அனுப்புவாங்க. உருப்படியா வேல பண்ணவங்கதான், ஆனா பண்ண வேல அந்தப் பேப்பர்ல தெரியவே மாட்டேங்குது, அதப் பாக்கத்தான் மனசு கஷ்டமா இருக்கும்.

மொதல்ல வெட்டுங்க. மேல இருக்குற அந்த ‘கேரியர் அப்ஜெக்டிவ்’, அப்பா பேரு, மதம், கல்யாணம் ஆச்சா இல்லையா, கடைசில டிக்ளரேஷன் போட்டு கையெழுத்து, எதுவும் வேணாம். இதெல்லாம் போனாலே கால் பக்கம் மிச்சமாகும். மொத்தமே ஒரு பக்கம்தான் இருக்கணும், பிடிஎஃப்ல.

இப்ப முக்கியமான விஷயம். திருவண்ணாமலை பக்கத்துலேர்ந்து ஒரு தங்கச்சி அனுப்புன ரெசியூமேல ‘என்எஸ்எஸ் வாலண்டியர், ஏழு நாள் முகாமில் கலந்துகொண்டேன்’னு ஒரே வரி. போன் பண்ணி அங்க என்னம்மா பண்ணீங்கன்னு கேட்டா, வீடு வீடா போய் டாய்லெட் இருக்கா, யூஸ் பண்றாங்களான்னு நோட்டுல எழுதுனோம்ணா, அறுபது வீடு போனோம், கட்டுன டாய்லெட்ல பாதிக்கு மேல வெறகு அடுக்கி வச்சிருந்தாங்க, ஏன்னு கேட்டா தண்ணி வராதாம், அத எழுதி தலைவர்கிட்ட குடுத்தோம்னு சொல்லுச்சு. இதவிட நல்ல பாலிசி வேல என்ன இருக்கு சொல்லுங்க! ஒரு திட்டம் பேப்பர்ல முடிஞ்சு, வீட்டுல ஏன் முடியலன்னு கண்டுபிடிச்சிருக்கு அந்தப் பொண்ணு. அந்த வரிய இப்படி மாத்துனோம்: ‘60 வீடுகளில் கழிப்பறைப் பயன்பாடு பற்றி சர்வே எடுத்தோம்; பாதிக்கு மேல் பயன்படாததற்கு தண்ணீர் இல்லாததே காரணம் எனக் கண்டு, ஊராட்சித் தலைவரிடம் எழுதிக் கொடுத்தோம்’. ரெசியூமேல இங்கிலீஷ்ல எழுதிக்கோங்க, ஆனா அளவு, கண்டுபிடிச்சது, அத வச்சு பண்ணது, இந்த மூணும் ஒரே வரில வந்துடணும். நம்பர் நிஜமா இருக்கணும், நெனவில்லன்னா பழைய நோட்ட தேடி எடுங்க, குத்துமதிப்பா போடாதீங்க.

எனக்கு அப்படி ஒண்ணுமே இல்லையேன்னா ஒரு மாசம் எடுத்துக்கிட்டு உருவாக்குங்க. மானியக் கோரிக்கை விவாதத்தப்ப ஒவ்வொரு துறையும் சட்டசபைல கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும், தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் நெட்ல ஃப்ரீயா கெடைக்கும், யாரும் படிக்கிறதில்ல. ஒரு துறைய மட்டும் எடுங்க. உதாரணத்துக்கு காலை உணவுத் திட்டம், 2022 செப்டம்பர்ல மதுரைல ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல மாநிலம் பூரா விரிவாக்குனாங்க. அந்தக் குறிப்புல என்ன எழுதிருக்காங்கன்னு பாத்துட்டு, உங்க ஊர் ஸ்கூல்ல போய் சமைக்கிற அக்காகிட்ட எத்தன மணிக்கு வர்றீங்க, கேஸ் எப்படி வருதுன்னு பேசி, ரெண்டு பக்கம் எழுதுங்க. அதான் உங்க ரைட்டிங் சாம்பிள், ரெசியூமேல அதுக்கு லிங்க் குடுங்க. நெறைய எடத்துல ரைட்டிங் சாம்பிள் கேப்பாங்க, அப்ப காலேஜ் அசைன்மெண்ட்ட தேடி ஓட வேண்டாம். ஆர்டிஐ போட்டு பதில் வாங்கிருந்தா, கிராம சபைல பேசிருந்தா அதையும் போடுங்க.

ஸ்கில்ஸ்ல ‘எம்எஸ் ஆஃபீஸ், டீம் வொர்க், லீடர்ஷிப்’னு எழுதுனா யாரும் கண்டுக்க மாட்டாங்க. எக்செலா, இல்ல ஸ்டேட்டா, ஆர் (R) மாதிரி டேட்டா சாஃப்ட்வேரா, அதுல எந்த டேட்டாவ தொட்டீங்க, குடும்ப நலக் கணக்கெடுப்பா, வேலைவாய்ப்பு பத்தின பிஎல்எஃப்எஸ் சர்வேயா, பள்ளிக்கூடங்கள் பத்தின யூடைஸ் டேட்டாவா, அத எழுதுங்க. தமிழ சும்மா லாங்குவேஜஸ் லிஸ்ட்ல கடைசில போட்றாதீங்க. அரசாணைய தமிழ்ல படிச்சுப் புரிஞ்சு, கிராமத்துல தமிழ்ல கேள்வி கேட்டு, இங்கிலீஷ்ல ரிப்போர்ட் எழுதத் தெரியும்னா அது பெரிய பலம், தனி வரியா எழுதுங்க.

ஒரே ரெசியூமேவ எல்லா எடத்துக்கும் அனுப்பாதீங்க. நாடாளுமன்றத்துக்கு வர்ற சட்டங்கள ஆராயுற பிஆர்எஸ் அமைப்போட லேம்ப் ஃபெல்லோஷிப்ல ஒரு எம்பிகூட வேல, அங்க மசோதா படிச்சது, டிபேட் பண்ணது, சீக்கிரம் சுருக்கி எழுதுறது மேல வரணும். திட்டங்கள் நெஜமாவே பலன் தருதான்னு ஆராயுற ஜே-பால் மாதிரி எடத்துல ஃபீல்டு சர்வே, டேட்டா கிளீனிங்தான் பாப்பாங்க. 2022ல வந்த முதலமைச்சர் ஃபெல்லோஷிப்புக்கு பரீட்சையும் எழுதணும், வெறும் ரெசியூமேவ நம்பி உக்காராதீங்க.

அனுப்புறதுக்கு மொத நாள் பிரிண்ட் எடுத்து ஃப்ரெண்டு கைல குடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ‘எங்க, எத்தன, அப்புறம் என்னாச்சு’ன்னு கேக்கச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷம் பேச முடியாத வரிய அன்னைக்கே எடுத்துடுங்க. அந்தத் தங்கச்சிகிட்ட இன்டர்வியூல பாதி நேரம் அந்த வெறகு அடுக்குன டாய்லெட்டப் பத்தியேதான் கேட்டாங்களாம்.